நரம்பணு நிலையில்லாமல் துடித்தாலும் கண் குறி தப்பாதது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூளையில் எந்த நரம்பணுவும் ஒரே வேலையை இரண்டு முறை அச்சு அசலாக ஒரே மாதிரி செய்வதில்லை. அப்படிப்பட்ட நரம்பணுக்களை நம்பித்தான் கண் நகர்கிறது. நகர்ந்து, போக வேண்டிய இடத்தில் போய் நிற்கவும் செய்கிறது. இதைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் கீழே தந்திருக்கிறேன். மருத்துவப் படிப்பெல்லாம் வேண்டாம், பள்ளி உயிரியல் நினைவிருந்தால் போதும்.

கண் ஓயாமல் நகர்கிறது என்கிறார்களே, எதற்காக?

விழித்திரை முழுவதும் ஒரே கூர்மையோடு பார்ப்பதில்லை. அதன் நடுவில் ஃபோவியா என்றொரு சின்னக் குழி இருக்கிறது. எழுத்து படிப்பது, முகத்தை அடையாளம் காண்பது, ஊசியில் நூல் கோர்ப்பது எல்லாம் அங்கே விழும் பிம்பத்தை வைத்துத்தான். கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். அதன் அகலம் சுமார் 2 டிகிரி. கூர்மையாகத் தெரியும் வட்டம் ஏறக்குறைய அவ்வளவுதான், மற்றதெல்லாம் மங்கல். அது நமக்கு உறைப்பதில்லை. எங்கே பார்க்க நினைத்தாலும் கண் அதற்குள் அங்கே போய்விடுகிறதே!

இப்படி விநாடிக்கு ஏறக்குறைய 3 முறை கண் தாவுகிறது. விழித்திருக்கும் நேரத்துக்குக் கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் வரும். மருத்துவர்கள் இதை சக்காட் என்பார்கள், நான் தாவல் என்றே எழுதுகிறேன். 10 டிகிரி தூரத் தாவல் 45 மில்லி விநாடி அளவில் முடிந்துவிடும். பெரிய தாவல்களில் வேகம் விநாடிக்கு 500 டிகிரியைத் தாண்டும். படிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதாகத்தான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். தாவித் தாவி, நின்று நின்று போகிறது என்பது 1870களின் கடைசியில் பாரிஸில் எமில் ஜாவாலின் ஆய்வுக்கூடத்தில் தெரியவந்தது.

கண் தாவுவது எனக்கே தெரியவில்லையே?

கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். கண் அசைவது தெரியவே தெரியாது. பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால் "நல்லா ஆடுதே" என்பார். அதையே கைபேசியின் செல்ஃபி கேமராவில் செய்து பார்த்தால் அசைவு உங்களுக்கும் தெரியும். படம் திரைக்கு வரக் கொஞ்சம் தாமதமாகிறது. அதனால் கண் நின்ற பிறகுதான் அதன் அசைவு திரையில் ஓடுகிறது.

தாவும் நேரத்தில் விழும் கலங்கலான பிம்பத்தை மூளை பெரும்பாலும் கணக்கில் சேர்ப்பதில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

நரம்பணு நிலையில்லாமல் துடிக்கிறது என்றால் சரியாக என்ன?

குரங்கின் மூளையில், ஒரு நரம்பணுவுக்குப் பக்கத்தில், மயிரிழை போன்ற மின்முனையை வைக்கிறார்கள். திரையில் ஒரே இடத்தில் ஒரே புள்ளியைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். அந்த நரம்பணு சராசரியாக 16 மின்துடிப்பு விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறை 13 வரும், அடுத்த முறை 21, அப்புறம் 15. புள்ளி மாறவில்லை, குரங்கும் அதே குரங்குதான், எண்ணிக்கை மட்டும் மாறுகிறது. பெருமூளைப் புறணியில் நடந்த பல ஆய்வுகளில் ஒரு பொதுவான கணக்கு கிடைத்திருக்கிறது. பள்ளியில் படித்த திட்ட விலக்கம், சராசரியின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கிறது. 16 துடிப்புக்கு 4, அதாவது நான்கில் ஒரு பங்கு.

காரணங்கள் பல. ஒரு நரம்பணு அடுத்ததற்குச் செய்தி அனுப்ப வேதிப்பொருளை உமிழ வேண்டும். ஒவ்வொரு துடிப்புக்கும் அது தவறாமல் உமிழும் என்ற உத்தரவாதம் கிடையாது. ஆயிரக்கணக்கான இணைப்புகளிலிருந்து வரும் செய்திகளைக் கூட்டித்தான் ஒவ்வொரு நரம்பணுவும் துடிக்கிறது. போதாக்குறைக்குக் களைப்பு, கவனம், பசி எல்லாம் அந்தக் கூட்டலில் கை வைக்கின்றன. ஆய்வாளர்கள் இந்த ஏற்ற இறக்கத்தை இரைச்சல் என்று சொல்வார்கள்.

இப்போது ஒரு கணக்கு. ஒரே ஒரு நரம்பணுவின் எண்ணிக்கைதான் கண் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது என்றால், 10 டிகிரி தள்ளி உள்ள புள்ளிக்குக் கிளம்பிய கண் சாதாரணமாகவே ஏழரைக்கும் பன்னிரண்டரைக்கும் இடையில் எங்காவது போய் விழ வேண்டும். அப்படி நடப்பதில்லை. கண் இறங்கும் இடத்தின் சிதறல் தூரத்தில் 5 முதல் 10 சதவீதம் வரைதான். இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் உள்ள வித்தியாசம்தான் இந்தப் பக்கத்தின் கதை.

தவறு வந்தால் போகிற வழியிலேயே பார்த்துத் திருத்திக்கொள்ளலாமே?

நேரம் போதாது. விழித்திரையில் விழுந்த பிம்பம் மூளைக்குப் போய், அங்கே அலசப்பட்டு, புதுக் கட்டளையாகத் தசைக்குத் திரும்பி வருவதற்குள் தாவலே முடிந்துபோயிருக்கும். நடுவில் பார்ப்பதைத்தான் மூளை சட்டை செய்வதில்லை என்று மேலே பார்த்தோமே.

இருந்தாலும் திருத்தம் நடக்கிறது. எப்படித் தெரியும்? மூளைத்தண்டின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் சிறு மின்சாரம் கொடுத்தால், பாய்ந்துகொண்டிருக்கும் கண் பாதி வழியில் நின்றுவிடும். அதற்குள் இலக்குப் புள்ளியையும் அணைத்துவிடுகிறார்கள், அறை முழு இருட்டு. மின்சாரம் நின்றதும் கண் மறுபடி கிளம்பி, மிச்சத் தூரத்தை மட்டும் போய், புள்ளி இருந்த இடத்திலேயே இறங்குகிறது. இருட்டில் இதைச் செய்ய வேண்டுமென்றால், எவ்வளவு தூரம் வந்தாயிற்று, இன்னும் எவ்வளவு பாக்கி என்ற கணக்கை மூளை உள்ளுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும். தசைக்கு அனுப்பிய கட்டளையின் நகல் ஒன்றைத் தனக்கும் வைத்துக்கொண்டு, கண் எங்கே இருக்கும் என்பதை மூளை அதிலிருந்து கணிக்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் டேவிட் ராபின்சன் 1970களில் முன்வைத்த கருத்து இது. விவரங்களில் இன்றும் சண்டை உண்டு, அடிப்படையை மறுப்பவர்கள் குறைவு.

கட்டளை எங்கிருந்து கிளம்புகிறது?

பல இடங்கள் பேசிக் கலந்து முடிவெடுக்கின்றன. கடைசி வாசல் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது நடுமூளையின் கூரையில், இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இருக்கும் சுப்பீரியர் கொலிகுலஸ் என்ற சிறு மேடு. அதன் மேல் ஒரு வரைபடமே இருக்கிறது. இடது மேட்டில் மின்முனையால் ஓர் இடத்தைத் தூண்டினால் கண் வலப்பக்கம் குறிப்பிட்ட தூரம் தாவும். மின்முனையைச் சற்றுத் தள்ளி வைத்தால் தூரமும் திசையும் மாறும். ராபின்சன் 1972-ல் இதை ஒழுங்காக அளந்து காட்டினார்.

இங்கேதான் முதல் சூட்சுமம். 10 டிகிரி வலப்பக்கத் தாவலுக்கு, அதற்கென்றே உள்ள நரம்பணு மட்டும் துடிப்பதில்லை. வரைபடத்தில் அதைச் சுற்றியுள்ள பெரிய வட்டாரமே துடிக்கிறது. 8 டிகிரிக்காரரும், 13 டிகிரிக்காரரும், கொஞ்சம் மேலே இழுப்பவரும், கொஞ்சம் கீழே இழுப்பவரும் சேர்ந்தே வடம் பிடிக்கிறார்கள். ஊர் கூடித் தேர் இழுப்பதுதான். ஒருவர் கை சோர்ந்தாலும், இன்னொருவர் திசை தப்பி இழுத்தாலும் தேர் தெருவை விட்டு விலகாது.

இது வெறும் ஊகமில்லை. 1988-ல் லீ, ரோரர், ஸ்பார்க்ஸ் மூவரும் குரங்கின் கொலிகுலஸில் ஒரு சிறு பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்து பார்த்தார்கள். துடிக்கும் வட்டாரத்தின் நட்ட நடுவை மரக்கச் செய்தபோது கண் சரியான இடத்திலேயே இறங்கியது. வேகம் மட்டும் குறைந்தது. நடு இல்லாவிட்டாலும் சுற்றியிருந்தவர்களின் சராசரி அதே இடத்தைத்தானே காட்டும்? மரத்த இடம் ஒரு பக்கமாக இருந்தபோதோ, கண் அந்தப் பக்கத்திலிருந்து விலகித் தள்ளி இறங்கியது. எனக்குத் தெரிந்தவரை இந்தத் துறையில் இவ்வளவு சின்னச் செலவில் இவ்வளவு தெளிவான பதில் தந்த சோதனை வேறு இல்லை.

கீழே உள்ள மூளைத்தண்டு இந்தத் துடிப்புகளைச் சராசரி எடுக்கிறதா, ஒவ்வொரு துடிப்பையும் ஒரு சின்ன அடியாக எண்ணிக் கூட்டிக்கொண்டே போகிறதா என்ற விவாதம் பின்னால் வந்தது. நெதர்லாந்தின் நைமேகன் நகரில் கூசென்ஸ், வான் ஓப்ஸ்டல் இருவரும் 2006-ல் கூட்டல் பக்கம் வலுவான தரவு கொடுத்தார்கள். எதுவானாலும் கூட்டம் சேர்ந்துதான் முடிவெடுக்கிறது என்பதில் இரு தரப்பும் ஒன்று.

அப்படியானால் நரம்பணுக்களைக் கூட்டிக்கொண்டே போனால் தவறு பூஜ்யமாகிவிடுமா?

ஆகாது. இதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நூறு நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தடுமாறினால் சராசரியின் தவறு பத்தில் ஒரு பங்காகும், பத்தாயிரமானால் நூறில் ஒரு பங்கு. ஆனால் மூளையில் அக்கம்பக்கத்து நரம்பணுக்கள் தனித்தனியாகத் தடுமாறுவதில்லை. இரண்டுக்கும் ஒரே இடத்திலிருந்து செய்தி வருகிறது, ஒன்று கூடினால் மற்றதும் கொஞ்சம் கூடுகிறது. குரங்கின் பார்வைப் புறணியில் சோஹரி, ஷேட்லன், நியூசம் 1994-ல் அளந்தபோது இந்த ஒட்டுறவு சராசரியாக 0.12 இருந்தது (சம்பந்தமே இல்லாவிட்டால் 0, முழுக்கச் சேர்ந்தே ஏறி இறங்கினால் 1). பார்ப்பதற்குச் சின்ன எண்தான். இதை வைத்துக் கணக்குப் போட்டால், எத்தனை லட்சம் நரம்பணுவைச் சேர்த்தாலும் ஒற்றை நரம்பணுவின் தவறில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போக முடியாது. நூறைத் தாண்டினால் கூட்டம் சேர்ப்பதில் பெரிய லாபமே இல்லை.

சரி, அப்புறம் எப்படிச் சமாளிக்கிறது? 1988 சோதனைக்குத் திரும்பிப் போவோம். எல்லாரும் சேர்ந்தாற்போல் சோர்ந்தால் சராசரி காட்டும் திசை மாறாது, தூரமும் மாறாது. மொத்த பலம்தான் குறையும், அது வேகத்தில் தெரியும். ஆக, பொதுவாக வரும் தடுமாற்றம் கண் எங்கே இறங்குகிறது என்பதைத் தொடாமல், எவ்வளவு விரைவாகப் போகிறது என்பதில் போய்க் கரைந்துவிடுகிறது. வேகம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பார்வைக்கு ஒன்றும் ஆகிவிடாது. மூளை தடுமாற்றத்தை ஒழிப்பதைவிட, அதை வலிக்காத பக்கம் தள்ளிவிடுவதில் கெட்டி. இந்தத் துறையைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

அதே நரம்பணுக்கள் சும்மா பார்க்கும்போதும் துடிக்கின்றனவாமே. ஒவ்வொரு முறையும் கண் ஏன் ஓடிவிடுவதில்லை?

நல்ல கேள்வி, சமீபகாலமாகச் சூடாக இருக்கும் கேள்வியும்கூட. கொலிகுலஸின் பல நரம்பணுக்களுக்கு இரட்டை வேலை. ஓரத்தில் ஒரு வெளிச்சம் தோன்றினால் உடனே ஒரு முறை பலமாகத் துடிக்கும். அங்கே கண்ணை அனுப்புவதாக முடிவானால், தாவலுக்குச் சற்று முன் இன்னொரு முறை பலமாகத் துடிக்கும். முதல் துடிப்பலை 'பார்த்தேன்' என்பது, இரண்டாவது 'போ' என்பது. சில சமயம் முதலாவதும் கிட்டத்தட்ட இரண்டாவதின் உயரத்துக்கே எழும். கீழே இருக்கும் மூளைத்தண்டுக்கு வித்தியாசம் எப்படித் தெரிகிறது?

முதல் பதில், ஒரு கதவு இருக்கிறது. மூளைத்தண்டின் பான்ஸ் பகுதியில், நடுக்கோட்டை ஒட்டி, தடுப்பு நரம்பணுக்களின் சிறு கூட்டம் ஒன்று உண்டு. கண் நிலையாக இருக்கும்வரை இவை விடாமல் துடித்து, தாவலைக் கிளப்பும் நரம்பணுக்களை அடக்கி வைக்கின்றன. எந்தத் திசையில் தாவினாலும் அதற்குச் சற்று முன் இவை மௌனமாகி, தாவல் முடிந்ததும் திரும்பத் துடிக்கத் தொடங்குகின்றன. இவற்றைத் தூண்டித்தான் மேலே சொன்னபடி கண்ணை நடுவழியில் நிறுத்தினார்கள். சில்லறைத் தடுமாற்றம் இந்தக் கதவைத் தாண்டாது.

இரண்டாவது பதில் புதியது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் உதய் ஜெகதீசன், நீரஜ் காந்தி இருவரும் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், துடிப்பின் அளவை மட்டும் பார்க்காமல், கூட்டத்துக்குள் யார் எவ்வளவு துடிக்கிறார்கள் என்ற விகிதம் கணத்துக்குக் கணம் எப்படி மாறுகிறது என்று பார்த்தார்கள். 'பார்த்தேன்' அலையின்போது அந்த விகிதம் கலைந்து கலைந்து போகிறது. 'போ' அலையின்போது அதே விகிதம் குலையாமல் நிலைத்து நிற்கிறது. துடிப்பு எவ்வளவு பெரிது என்பதோடு, அது எவ்வளவு நேரம் ஒரே சேர்க்கையில் நீடிக்கிறது என்பதையும் கீழே இருப்பவர்கள் கவனிக்கக்கூடும் என்பது அவர்கள் வாதம். தனி நரம்பணுவை மட்டும் அளந்தால் இது கண்ணில் பட வாய்ப்பே இல்லை.

ஒரே புள்ளிக்குக் கண் ஒரு முறை சீக்கிரமும் ஒரு முறை தாமதமாகவும் கிளம்புவது ஏன்?

புள்ளி தோன்றியதிலிருந்து கண் கிளம்ப சுமார் 200 மில்லி விநாடி ஆகும். ஆனால் அதே ஆளுக்கு, அதே புள்ளிக்கு 150-ம் ஆகும், 300-ம் ஆகும். 1996-ல் ஹேன்ஸ், ஷால் இருவரும் குரங்கின் முன்மடலில் கண்ணசைவுப் பகுதியை ஆராய்ந்து இதற்குக் காரணம் கண்டார்கள். அங்குள்ள நரம்பணுக்களின் துடிப்பு ஏறிக்கொண்டே போய் ஒரு குறிப்பிட்ட உயரத்தைத் தொட்டதும் கண் கிளம்பும். அந்த உயரம் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒன்றுதான், ஏறும் வேகம்தான் மாறுகிறது. ஆக, தடுமாற்றம் இங்கே கிளம்பும் நேரத்தில் வெளிப்படுகிறது, இறங்கும் இடத்தில் அல்ல.

கேம்பிரிட்ஜில் ரோஜர் கார்ப்பென்டர் இந்த நேரச் சிதறலை வைத்தே ஒரு எளிய கணித மாதிரியை உருவாக்கினார். அவர் பார்வையில் இது கோளாறே இல்லை. எப்போது கிளம்பும் என்று எதிரிக்குத் தெரியாமல் இருப்பது உயிருக்கு நல்லதுதானே. இந்த வாதம் எனக்குப் பிடிக்கும், நிரூபிப்பது கடினம் என்றாலும்.

கடைசியில் தசைக்கு என்ன போய்ச் சேர்கிறது?

ஒவ்வொரு கண்ணிலும் 6 தசைகள், அவற்றை ஆள மூன்று மண்டை நரம்புகள். கட்டளை இரண்டு பகுதி. கண்ணை இழுத்துப் பிடித்திருக்கும் பிசுபிசுப்பான திசுக்களை மீறிப் பாய ஒரு குறுகிய பலத்த உதை. பாய்ந்த இடத்தில் பிடித்து நிறுத்த அப்புறம் ஒரு நிலையான இழுவை. உதை இல்லாமல் இழுவை மட்டும் போனால் கண் ஊர்ந்து ஊர்ந்துதான் போய்ச் சேரும்.

அந்த நிலையான இழுவையை மூளை தனியாக யோசிப்பதில்லை. உதையைக் கூட்டிக் கூட்டி அதிலிருந்தே பெறுகிறது. பக்கவாட்டு அசைவுக்கு இந்தக் கூட்டல் மூளைத்தண்டின் பிரிப்பாசிட்டஸ் ஹைப்போகுளோசி என்ற வாயில் நுழையாத பெயர் கொண்ட பகுதியிலும் அதன் அண்டையிலும் நடக்கிறது. ஒரு நரம்பணுவின் நினைவு சில பத்து மில்லி விநாடிதான். ஆனால் ஒன்றையொன்று தூண்டிக்கொள்ளும் வட்டமாக அமைந்திருப்பதால் இந்தக் கூட்டம் ஓர் எண்ணைப் பல விநாடிகள் பிடித்து வைக்கிறது. இருட்டில் ஓரமாகப் பார்த்தால் கண் மெல்ல நடுவுக்கு நழுவும், அவ்வளவுதான் கசிவு. தங்கமீன்களில் இதே அமைப்பை ஆராய்ந்து நிறையக் கற்றிருக்கிறார்கள்.

வேகமாகத் தாவினால் தவறு அதிகமாகுமா?

ஆகும். கட்டளை பலமாகப் பலமாக இரைச்சலும் கூடும். உதையைப் பலமாக்கினால் சீக்கிரம் போகலாம், ஆனால் இறங்கும் இடம் சிதறும். மெதுவாகப் போனால் குறி தப்பாது, ஆனால் அதுவரை பார்வை கலங்கிக்கிடக்கும். ஹாரிஸ், வோல்பர்ட் இருவரும் 1998-ல் இந்த ஒரே நிபந்தனையை வைத்து, சிதறலைக் குறைக்க எந்த வேகத்தில் ஏறி எந்த வேகத்தில் இறங்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். கிடைத்த வரைகோடு மனிதக் கண் நிஜமாகவே தாவும் விதத்தோடு அழகாகப் பொருந்தியது.

இன்னொன்றும் கவனிக்கலாம். பெரிய தாவல்களில் கண் வழக்கமாக இலக்குக்குக் கொஞ்சம் முன்னாலேயே, பத்தில் ஒன்பது பங்கு தூரத்தில் இறங்கி, உடனே ஒரு குட்டித் தாவலால் மீதியை முடிக்கும்.

சிறுமூளைக்கு இதில் என்ன வேலை?

தராசைச் சரிபார்க்கும் வேலை. தசை களைக்கலாம், வயதாகலாம், புதுக் கண்ணாடி போடலாம். நேற்றுச் சரியாக இருந்த கட்டளை இன்று குறையலாம். 1967-ல் மக்லாஃப்லின் ஒரு குறும்பு செய்தார். கண் பாய்ந்துகொண்டிருக்கும்போதே இலக்கைச் சற்று நகர்த்திவிட்டார். பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது, தாவும்போதுதான் பார்வை கணக்கில் இல்லையே. ஆனால் கண் ஒவ்வொரு முறையும் தப்பாக இறங்குகிறது. சிறிது நேரம் இப்படியே செய்தால் கண் தானாகவே தன் தூரத்தை மாற்றிக்கொள்கிறது. ஆளுக்குத் தெரியாமல் அவருடைய கண் பாடம் படித்துவிட்டது! சிறுமூளையின் நடுப்பகுதி பழுதானால் இந்தப் படிப்பு கெட்டுப்போகிறது.

சிறுமூளையில் ஒரு புதிரும் இருந்தது. அங்குள்ள பர்கின்ஜி நரம்பணுக்களைத் தனித்தனியாகப் பார்த்தால் அவற்றின் துடிப்புக்கும் கண்ணின் அசைவுக்கும் தெளிவான சம்பந்தம் கிடைப்பதில்லை. கண் நின்ற பிறகும் சில துடித்துக்கொண்டிருக்கும், சில அடங்கிக்கிடக்கும். 2015-ல் ஹெர்ஸ்ஃபெல்ட், ஷாட்மெர் முதலானோர் துடிப்பவற்றையும் அடங்குபவற்றையும் ஒரே கூட்டமாகச் சேர்த்துக் கூட்டினார்கள். கூட்டலில் கண்ணின் வேகம் கணத்துக்குக் கணம் தெரிந்தது. யாரை யாரோடு சேர்ப்பது என்பதற்கும் விதி கிடைத்தது. எந்தத் திசைத் தவறைக் கண்டு விழித்துக்கொள்கிறதோ அதை வைத்துத்தான் ஒவ்வொரு நரம்பணுவும் தன் கூட்டத்தைச் சேர்கிறது.

பறக்கும் பந்தைக் கண்ணால் தொடரும்போதும் இதே கதைதானா?

வேறு கதை. அங்கே கண் தாவாமல் வழுக்குகிறது. உங்களால் அதை வெறுமனே செய்ய முடியாது, நகரும் பொருள் ஒன்று வேண்டும். காலிச் சுவரில் கண்ணை மெல்ல நகர்த்திப் பாருங்கள், தாவித் தாவித்தான் போகும். குரங்குகளில் ஆஸ்போர்ன், லிஸ்பெர்கர், பியாலெக் மூவரும் 2005-ல் காட்டியது: தொடர்தலில் வரும் ஏற்ற இறக்கத்தின் பெரும்பகுதி, பொருளின் வேகத்தையும் திசையையும் கிளம்பிய நேரத்தையும் மூளை தப்பாக மதிப்பிடுவதால் வருகிறது. கட்டளையை நிறைவேற்றும் பகுதி சேர்க்கும் தவறு மிகக் கொஞ்சம்.

கண் அசையாமல் இருக்கும்போதாவது அமைதியா?

இல்லை. உற்றுப் பார்க்கும்போதும் நுண்தாவல்களும் மெல்லிய நழுவல்களும் உண்டு. பிம்பம் விழித்திரையில் கொஞ்சமும் நகராதபடி கருவி கட்டி 1950களில் சோதித்தார்கள். சில விநாடிகளில் காட்சியே மங்கி மறைந்துபோனது. இந்த ஆட்டம் பார்வைக்குத் தேவை.

இந்த ஏற்பாடு கெட்டால் என்ன ஆகும்?

எந்தக் கண்ணி அறுந்தது என்பது அசைவிலேயே தெரியும், நரம்பியல் மருத்துவர்கள் கண்ணை அவ்வளவு நேரம் பார்ப்பது அதனால்தான். தாவலைக் கிளப்பும் நரம்பணுக்கள் அழிந்தால் கண் குறி தப்பாது, ஆனால் ஊர்ந்து போகும். இதில் இந்தியாவுக்கு ஒரு முக்கியமான இடம் உண்டு. மும்பையின் நோஷிர் வாடியாவும் சுவாமியும் 1971-ல், நடை தள்ளாட்டத்தோடு கண் மிக மெதுவாக நகரும் பரம்பரை நோயை 9 குடும்பங்களில் கண்டு எழுதினார்கள். பிற்பாடு எஸ்.சி.ஏ. 2 என்று பெயர் பெற்ற நோயின் முகம் அது. அதற்கான மரபணு 1996-ல் அடையாளம் காணப்பட்டது.

மேலும் கீழும் தாவுவது மட்டும் முதலில் மெதுவாகிப்போகும் நோய் வேறு, பி.எஸ்.பி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். படி இறங்கும்போது தடுக்கி விழுவதுதான் வீட்டாருக்கு முதலில் தெரியும். கூட்டிப் பிடித்து வைக்கும் பகுதி கசிந்தால் ஓரப் பார்வை நிற்காமல் நழுவி, திரும்பத் திரும்ப இழுத்துப் பிடிக்க வேண்டிவரும். குடித்தவர் கண்ணிலும் இதைப் பார்க்கலாம்.

இதெல்லாம் குரங்கில் செய்ததுதானே, மனிதருக்குப் பொருந்துமா?

தாவலின் வேகம், தூரம், நேரம் ஆகியவற்றுக்கிடையே உள்ள உறவு இரண்டிலும் ஒரே வடிவம். குரங்கின் தாவல் இன்னும் வேகம், அவ்வளவுதான். மனிதர்களில் கேமராவால் அசைவை அளக்கலாம், மூளையில் சிறு பகுதி பழுதானவர்களைச் சோதிக்கலாம். இரண்டும் குரங்கில் கண்டதோடு பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. குரங்குகளை இப்படிப் பயன்படுத்தலாமா என்பது தனி விவாதம், அதை எளிதாகத் தள்ளிவிடவும் கூடாது.

நாம் இரைச்சல் என்று சொல்வது உண்மையில் நமக்குப் புரியாத செய்தியாக இருந்தால்?

கொஞ்சமாவது அப்படித்தான். முன்பு இரைச்சல் என்று ஒதுக்கியதில் ஒரு பங்கு, விலங்கின் விழிப்பு, உடல் அசைவு, கவனம் ஆகியவற்றோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது என்று இப்போது தெரிகிறது. நூற்றுக்கணக்கான நரம்பணுக்களை ஒரே நேரத்தில் பதிவு செய்யும் மின்முனைகள் வந்த பிறகு இது வேகமெடுத்திருக்கிறது. வேதிப்பொருள் உமிழ்வின் தற்செயல் இருக்கவே இருக்கிறது, அது எங்கும் போகாது. பங்கு எவ்வளவு என்பதில்தான் ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் கருத்து மாறுகிறது.

எனக்கு வலது கண் துடிக்கிறது. அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. துடிப்பது கண் அல்ல, இமை. அதை அசைக்கும் தசை வேறு, நரம்பும் வேறு, முகத்தை அசைக்கும் ஏழாவது மண்டை நரம்பு அது. தூக்கக் குறைவு, அளவுக்கு மீறிய காபி, களைப்பு இவற்றால் வரும். பெரும்பாலும் சில நாள்களில் தானாகப் போய்விடும். பலன் பார்ப்பவர்களிடம் எந்தக் கண்ணுக்கு என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள், என்னிடம் பட்டியல் இல்லை.

ஆனால் துடிப்பு வாரக்கணக்கில் நீடித்தாலோ, முகத்தின் ஒரு பக்கமும் சேர்ந்து இழுத்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். கருவிழியே ஆடுவது புதிதாகத் தொடங்கினாலும், ஒரு பொருள் திடீரென்று இரண்டாகத் தெரிந்தாலும் நாளை பார்க்கலாம் என்று விடாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.